கேபின் கண்ணாடியில் அழுக்கு இல்லை

என் தங்கை கிரேன் ஓட்டுபவள். இரும்புச் சுருள்களும் தகடுகளும் வந்து இறங்கும் ஒரு திறந்தவெளி யார்டில் இருபத்தேழு வருஷம் ஓட்டினாள். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், தூண்களின் மேல் தண்டவாளம், அதில் ஓடும் மஞ்சள் கிரேன். தரையிலிருந்து கேபினுக்கு நாற்பத்தொரு படி. நான் எண்ணியிருக்கிறேன். ஏறி அல்ல, கீழே நின்றுதான்.

யார்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் மேலே இருப்பதால் அவள் 'மேலக்கா'. அவளைவிட மூத்தவர்களுக்கும் மேலக்காதான். மேனேஜர்கூட ஒருமுறை மீட்டிங்கில் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, பிறகு அதையே வழக்கமாக்கிக் கொண்டார்.

பெருமைக்குச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது: அவளைப் போல் சுமை இறக்க அங்கே ஆள் கிடையாது. புதிதாக வரும் லாரி டிரைவர்களிடம் கொக்கி பந்தயம் கட்டுவார். கொக்கி என்பது கீழே நின்று சுமையை மாட்டிவிட்டுக் கைச் சைகை காட்டுகிறவர். இருபது வருஷமாக இவளுக்கு ஜோடி. எட்டு டன் சுருளின் தலையில் ஒரு சாஸர், அதில் விளிம்புவரை டீ ஊற்றிய டம்ளர். இவள் அதைத் தூக்கி யார்டின் அந்தக் கோடிவரை கொண்டுபோய் இறக்க வேண்டும். சாஸரில் ஒரு சொட்டு சிந்தியிருந்தால் எல்லாருக்கும் கொக்கி டீ வாங்கித் தர வேண்டும். கொக்கி ஒருநாளும் வாங்கியதில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் நச்சரித்த காலத்தில், "நான் பாட்டுக்கு மேல இருக்கேன். நாப்பத்தோரு படி ஏறி வரத் தெம்பு இருக்கற மாப்பிள்ளையாப் பாரு" என்பாள். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அவளோடு வந்து தங்கினேன். நான் சீருடை தைக்கும் கம்பெனியில் தையல் சரிபார்க்கும் வேலை. அவளுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, எனக்கு அறுபத்தொன்று.

அந்த வருஷம் முதலில் வந்தது தோள் வலி. காலையில் எழுந்ததும் கையைத் தூக்க முடியாது. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். எலும்பு டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, சாப்பிடும்போது தாடை வலித்தது. நாலு வாய் மெல்லுவாள், நிறுத்துவாள், வலி போகும், மறுபடி நாலு வாய். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பிறகு சீப்புப் பட்டாலே தலை புண் போல எரிந்தது. தோல் டாக்டர் ஒரு ஷாம்பு எழுதினார். உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. அதற்கு யாரிடம் போவது என்று தெரியாததால் போகவில்லை.

எங்கள் அப்பா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு டாக்டரிடம் ஒரு வியாதிதான் சொல்ல வேண்டும். இரண்டு சொன்னால், இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்து ஒன்றையும் கவனிக்க மாட்டார் என்பார். அப்பா போய் இருபது வருஷம் ஆகியும் அவர் சட்டம் போகவில்லை. நான் மூன்று டாக்டர்களுக்கும் மூன்று உறை வாங்கி, 'தோள்', 'பல்', 'தலை' என்று மேலே எழுதி, சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாதென்று ரப்பர் பேண்ட் வேறு.

இதற்கு நடுவில் யார்டில் நடந்த ஒன்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிரேன் பதிவுப் புத்தகத்தில் என் தங்கை எழுதியிருந்தாள்: "கேபின் கண்ணாடி வலது பக்கம் மங்கல். சுத்தம் செய்யவும்." சுத்தம் செய்தார்கள். ஆறு நாள் கழித்து மறுபடி அதையே எழுதினாள். பராமரிப்பு ஆட்கள் அலுத்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் புதிது போட்டார்கள். புதுக் கண்ணாடி போட்ட நான்காம் நாள், சுமை பாதியில் தொங்கும்போது கிரேனை நிறுத்தினாள். ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். கொக்கி மேலே ஏறிப் போனார்.

"மேலக்கா, கண்ணாடி இருக்கறதே தெரியல. அவ்வளவு சுத்தமா இருக்கு."

"உன் கண்ணுக்கு எல்லாம் சுத்தமாத்தான் தெரியும். உன் சட்டையைப் பாரு."

ஐந்து நிமிஷத்தில் மங்கல் விலகியது. சுமையை ஒழுங்காக இறக்கினாள். துடைத்ததால்தான் தெளிந்தது என்று அவளும் நம்பினாள், அவரும் நம்பினார். நமக்குக் கண் மறைத்தால் கண்ணைக் கசக்குவோம். இருபத்தேழு வருஷம் கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்தவள் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை. காலை ஆறு மணி. நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

"அக்கா, லைட்டைப் போடு."

"போட்டுத்தான்டி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்துவாள், எடுப்பாள், மற்றதைப் பொத்துவாள்.

"இந்தப் பக்கம் போடலியே," என்றாள். வலது கண்.

கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். விளக்கை அடித்துப் பார்த்தார், மருந்து விட்டுப் பார்த்தார், பிறகு விளக்கை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மெல்லும்போது தாடை வலிக்குமா?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"அது பல் டாக்டர்கிட்ட காட்டியாச்சு மேடம்," என்றேன்.

"நான் கேட்டது அது இல்ல. வலிச்சுதா?"

"வலிச்சுது."

"தலை சீவும்போது?"

"அதுக்கும் தோல் டாக்டர்கிட்ட..."

"அம்மா, யார் யார்கிட்ட போனீங்கன்னு அப்புறம் சொல்லுங்க. என்னென்ன வலிச்சுதுன்னு இப்ப ஒரே தாள்ல எழுதுங்க."

நான் அன்று காலை அவசரத்திலும் நான்காவதாக ஒரு உறை எடுத்து 'கண்' என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதன் முதுகிலேயே எழுதினேன். தோள், தாடை, தலை, உடம்பு இளைத்தது, கண். அதைப் படித்துவிட்டு டாக்டர் என்னிடமே திருப்பிக் காட்டினார்.

"இது அஞ்சு வியாதி இல்லம்மா. ஒண்ணு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ரத்தக்குழாயின் சுவரே அழற்சி கண்டு வீங்கிவிடுகிறது. வெளியே வீங்கினால் தெரியும். இது உள்பக்கமாக வீங்கி வழியை அடைக்கிறது. நெற்றிப்பொட்டில் ஓடும் குழாய், தாடைக்குப் போகும் குழாய், கடைசியில் கண் நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வருவது. வந்து வந்து போன மங்கல் அது கொடுத்த எச்சரிக்கை.

"வலது கண்ணுக்கு இனி பார்வை வராது," என்றார் டாக்டர். சுற்றி வளைக்கவில்லை. "இடது கண்ணையாவது காப்பாத்தணும். அதுக்கு நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. இப்பவே அட்மிட் ஆகணும்."

மூன்று நாள் ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். நெற்றிப்பொட்டில் சின்னதாகக் கீறிக் குழாயின் துண்டை எடுத்துச் சோதித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஸ்டீராய்டு மாத்திரை. மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும், அவர்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள், நாமாகக் குறைத்தால் மற்றக் கண்ணும் போகும் என்று இரண்டு தடவை சொன்னார் டாக்டர். இரண்டாம் தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே, அது நான்தான்டி. உறை போட்டு வெச்சேன் பாரு, உறை."

"ஒரு கண்ணுதான கெட்டுச்சு. பாதி நமஸ்காரம் பண்ணு, எந்திரி," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு எது போயிற்று என்று தெரிந்தது. செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் டம்ளருக்கு முன்னாலேயே மேஜையில் விழும். எட்டு டன்னை நாலு மரக்கட்டையின் மேல் பூப்போல உட்கார வைத்தவள். கோபப்பட மாட்டாள். துடைத்துவிட்டு டம்ளரின் விளிம்பில் செம்பை முட்டவைத்து ஊற்றுவாள்.

காலை எட்டு மணிக்கு யார்டின் சங்கு ஊதும். எங்கள் வீட்டில் நன்றாகக் கேட்கும். பிறகு கிரேன் நகரும்போது அடிக்கும் மணி. அது கேட்டதும் எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடுவாள். "முதல் லாரி," என்பாள். மணி நின்றதும், "இறக்கிட்டான்." பிறகுதான் கை வேலைக்குத் திரும்பும். நாற்காலியில் உட்கார்ந்தால் இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியின் நுனியைப் பிடித்திருக்கும், இடது கை முன்னும் பின்னும் லேசாக அசையும். கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை.

கொக்கி பார்க்க வந்தார். ஒரு பை நிறையப் பழம்.

"புது ஆள் எப்படி?" என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள்.

"ஊஞ்சல் கட்டி ஆட்டறான் மேலக்கா. நான் கீழ நின்னு சைகை காட்டறனா, கும்பிடு போடறனான்னு எனக்கே தெரியல. நீங்க எப்ப வர்றீங்க?"

"வரேன். கண்ணு ஒண்ணு இருக்கில்ல."

"அதுவும் சரிதான். ஆனா மெடிக்கல் பாஸ் ஆகணுமாம். கையை நீட்டச் சொல்லி மேல ஒரு பேப்பரை வைப்பாங்க. பேப்பர் ஆடக் கூடாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் போன பிறகு தங்கை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரை வந்ததிலிருந்து அவள் விரல்கள் நடுங்கின. முகமும் உருண்டுவிட்டது. முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை.

அப்போது காலையில் இரண்டு மாத்திரை. இரண்டும் சேர்ந்து போட்டால் வயிறு எரிகிறது, ஒன்று சாப்பிட்டதும், ஒன்று பத்து மணி டீக்குப் பிறகு என்றாள். முதலாவதை என் எதிரில் விழுங்குவாள். நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். அட்டையில் மாத்திரை சரியாகக் குறைந்து வந்தது. தினமும் எண்ணினேன்.

பதினோரு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆணியில் தொங்கிய அவளுடைய வேலைக் கையுறைகளைத் துவைக்க எடுத்தேன். இடது கையுறையின் கட்டைவிரல் கல் போல இருந்தது. கவிழ்த்துத் தட்டினேன். மாத்திரைகள் உதிர்ந்தன. பதினொன்று.

அவளைக் கூப்பிடவில்லை. மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். வந்தாள், பார்த்தாள்.

"கை நடுங்குதுக்கா," என்றாள்.

"நடுங்கட்டும்."

"நடுங்கற கையில லீவரைக் குடுப்பாங்களா?"

"லீவரு இருக்கட்டும். கண்ணு போனா எதைடி பாப்பே?"

"மேல ஏறாம எதைப் பாக்கறதுக்கு எனக்குக் கண்ணு? சொல்லு. இந்தச் சுவரையா?" குரல் உயரவில்லை. "நீ காலையில போயிடுவே. அப்புறமும் மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். கிரேன் கிழக்கால போகும், மேற்கால வரும். எங்க தூக்கறான், எங்க வெக்கறான், எனக்கு எல்லாம் தெரியும். நான் மட்டும் அங்க இல்ல. உனக்கு அது புரியாதுக்கா."

புரிந்தது. பிறகு கேட்டேன்: "தலை வலிக்குதா?"

"இல்ல."

எழுந்து போய் என் விரலால் அவள் இடது நெற்றிப்பொட்டைத் தொட்டேன். தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

"மெல்லும்போது?"

"நேத்துலேருந்து."

ஞாயிறு என்றால் என்ன, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு உண்டு. ஆட்டோ பிடித்தேன். வழியில் ஒரு தாளில் தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் எழுதினேன்: தலைவலி, தாடை, கை நடுக்கம், பதினோரு மாத்திரை, கையுறை, எதையும் விடவில்லை. அப்பாவின் சட்டத்தை நான் மீறிய நாள் அது. ஆட்டோ குலுங்கியதில் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. தங்கை எட்டிப் பார்த்து, "கையுறையை எதுக்கு எழுதறே, மானம் போகுது," என்றாள்.

"போகட்டும். கண்ணு நிக்கட்டும்."

ரத்தச் சோதனையில் அழற்சி மறுபடி ஏறியிருந்தது. ஊசி மருந்து மறுபடி. பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வந்தார். இடது கண்ணை நெடுநேரம் பார்த்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முதுகிலிருந்து ஏதாவது தெரியுமா என்று.

"நரம்பு நல்லா இருக்கு," என்றார். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

தங்கை கேட்டாள்: "மேடம், ஒரு கண்ணு வெச்சுக்கிட்டு கிரேன் ஓட்ட முடியுமா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தூரத்துல இருக்கறதைப் படிக்கலாம். தொங்கறது தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்றது ரெண்டு கண்ணோட வேலை. நாளாக ஆக ஒரு கண்ணும் கொஞ்சம் பழகும். உங்க வேலைக்கு அந்தக் கொஞ்சம் போதுமான்னா, போதாதுன்னுதான் நான் நினைக்கறேன்."

"நீங்க நினைக்கறீங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். ஆனால் அன்றிலிருந்து இரண்டு மாத்திரையையும் என் எதிரிலேயே விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டுவாள், நாக்கைத் தூக்கியும் காட்டுவாள். "செக்கிங் முடிஞ்சுதா? முத்திரை குத்து," என்பாள்.

நாலு மாதம் கழித்து மாத்திரை அளவு பாதியாகக் குறைந்து, கை நடுக்கமும் குறைந்த பிறகு, கொக்கி மேனேஜரிடம் பேசினார். யார்டுக்கு விடுமுறையான ஒரு நாள் காலை. சுமை கிடையாது, கிரேனின் வெறும் இரும்புக் கொக்கி மட்டும். புது ஆப்பரேட்டர் கேபினில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

நாற்பத்தொரு படியையும் ஏறினாள். ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்து ஏறினாள். மேலே போய் உட்கார்ந்ததும் மணி அடித்தது. இத்தனை நாளும் வீட்டிலிருந்து கேட்ட மணி; அதை அடிப்பவளைப் பார்த்துக்கொண்டு கேட்டது அன்றுதான். கிரேன் நகர்ந்தது. ஒரு குலுங்கல் இல்லை. புது ஆள் பிறகு சொன்னார், அப்படி ஓட்டக் கண்ணே வேண்டாம் போலிருக்கிறது என்று.

யார்டில் புது ஆட்களுக்கு ஒரு சோதனை உண்டு. வாய் திறந்த எண்ணெய் டிரம் ஒன்றைத் தரையில் வைத்து, விளிம்பில் படாமல் இரும்புக் கொக்கியை உள்ளே இறக்க வேண்டும். பட்டால் டிரம் முழங்கும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதை வைக்கச் சொன்னாள். சைகை காட்ட வேண்டாம் என்றும் சொன்னாள்.

முதல் தடவை விளிம்பில் மோதியது. டிரம்மின் சத்தம் காலி யார்டு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை இரும்புக் கொக்கி டிரம்மைத் தொடவே இல்லை. ஒரு முழம் தள்ளித் தரையைத் தொட்டது. மூன்றாம் தடவைக்கு முன் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். கீழே நின்ற கொக்கிக்குத் தாங்கவில்லை. கை தானாக உயர்ந்து, இன்னும் கொஞ்சம், இடது, இறக்கு என்று காட்டியது. இரும்புக் கொக்கி நேராக உள்ளே இறங்கியது. அவர் கையைத் தட்டினார். நானும் தட்டினேன்.

இறங்கி வந்தாள்.

"பாத்தீங்களா மேலக்கா, உள்ள போயிடுச்சு."

"உன் கையைப் பாத்து இறக்கினேன். டிரம்மை நான் பாக்கல." கையுறையைக் கழற்றினாள். "நாளைக்கு நீ தும்மினா? கீழ ஒரு ஆள் நின்னா?"

கொக்கி டிரம்மை உருட்டிக்கொண்டு போனார், உருட்ட வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

"யாரும் என்னைப் போகாதேன்னு சொல்லல," என்றாள் என்னிடம், திரும்பி வரும்போது. "நானே பாத்துட்டேன். அது போதும்." தெருமுனைவரை போதும் என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். அங்கே ஒரு கடை வாசலில் நின்று முகத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த தடவை டாக்டர் சொன்னார்: தினமும் காலையில் தூரத்தில் இருக்கும் ஒரே பொருளை இடது கண்ணால் பார்க்க வேண்டும், கொஞ்சம் மங்கினாலும் அன்றே வர வேண்டும். எதைப் பார்ப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைப் பலகை, தண்ணீர்த் தொட்டி, இப்படி. அவள் ஒன்றும் கேட்காமல் மொட்டை மாடிக்குப் போனாள். எங்கள் மாடியிலிருந்து யார்டு தெரியும். வியாதி வந்த பிறகு அவள் அங்கே ஏறியதே இல்லை. துணி உலர்த்துவதும் எடுப்பதும் நான்தான். கிரேனின் குறுக்கு உத்தரத்தில், எவ்வளவு தூக்கும் என்பதைக் கறுப்பில் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வருஷமாக அதுதான் நடக்கிறது. சங்கு ஊதிய பிறகுதான் போவாள். முன்னாடியே போகலாமே என்றால், வெளிச்சம் போதாது என்பாள். வலது கண்ணைப் பொத்த வேண்டியதில்லை, ஆனாலும் டாக்டர் சொன்னபடி பொத்துவாள். நான் நோட்டில் தேதி எழுதிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

இன்றைக்கும் நின்றேன்.

"இருபது டன்," என்றாள்.

"தெளிவா தெரியுதா?"

"தெரியுது. ஓரத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு, அதுவும் தெரியுது."

எழுதிக்கொண்டேன். "சரி, இறங்கலாம் வா. எனக்கு நேரமாச்சு."

மணி அடித்தது. கிரேன் ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. அவள் இரண்டு கையையும் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்திருந்தாள்.

"இரு," என்றாள். "அந்த லோடு இறங்கட்டும்."